மலாக்கா ரப்பரும் மோட்டார்த் தீப்பொறியும்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சிங்கப்பூர்த் தெருக்களில் குதிரை பூட்டாத வண்டியொன்று ஓடிற்று. ஜெர்மானியரான கார்ல் பென்ஸின் தொழிற்சாலையில் செய்யப்பெற்ற அவ்வண்டியைக் காட்ஸ் சகோதரர் என்னும் வணிக நிலையத்தார் தருவித்திருந்தனர். அதனை வாங்கி ஓட்டியவர் சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி. சிங்கப்பூரின் பழைய வரலாற்றைத் தொகுத்து நூலாக்கியவர். ஊரார் அந்த வண்டிக்குக் 'காப்பி யந்திரம்' என்று பட்டப்பெயர் சூட்டி மகிழ்ந்தனர்.

அதே 1896ஆம் ஆண்டில், மலாக்காவைச் சேர்ந்த புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் என்னும் சீனச் செல்வர் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் அதிபராக இருந்த ரிட்லி, ரப்பர் விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காண்போரையெல்லாம் பயிரிடுமாறு வேண்டித் திரிந்தவர். காப்பித் தோட்டக்காரர் பலர் அவரைப் பித்தர் என்றே நினைத்தனர். மரவள்ளி பயிரிட்டுப் பழகிய குடும்பத்தில் வந்த டான் சே யான் அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தார். சில ஆண்டுகளில் புக்கிட் ஆசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ரப்பர் தழைத்தது. மலாயாவில் வணிக நோக்குடன் ரப்பரைப் பயிரிட்ட முதல்வர்களுள் அவர் ஒருவர்.

இவ்விரு செய்திகளையும் வரலாற்று நூல்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துப் பேசும். மோட்டார் வரலாறு எழுதுவோர் வண்டியையும் அதன் சொந்தக்காரரையும் பற்றி எழுதுவர். ரப்பர் வரலாறு எழுதுவோர் மரத்தையும் கம்பெனியையும் பற்றி எழுதுவர். இரண்டையும் பிணைப்பது டயர் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்ததே. ஆயின் இன்னொரு பிணைப்பும் உண்டு. அது வண்டியின் முன்மூடிக்குள்ளே, எண்ணெய்க் கறைக்கும் வெப்பத்துக்கும் நடுவே, விரற்கடை பருமனும் இல்லாத ஒரு கம்பியில் மறைந்து கிடந்தது. பழைய வண்டியொன்றின் தீப்பொறிச் சாதனத்தைப் பிரித்து, புதுக் கம்பி இழுத்து, புதிய மின்னணு மாடியூலைப் பொருத்துகிறவர் கையில் இன்றும் அந்தப் பிணைப்பு அகப்படுகிறது.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் ஆவியும் காற்றும் கலந்து உருளைக்குள் நெருக்கப்படும் வேளையில், உரிய கணத்தில் ஒரு பொறி வேண்டும். கணம் முந்தினாலும் பிந்தினாலும் வலிமை குன்றும். நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலுமாயின் நிமிடத்துக்கு 6,000 பொறிகள், அதாவது நொடிக்கு 100 பொறிகள், ஒன்றும் தவறாமல் விழவேண்டும். இப்பொறியை எவ்வாறு எழுப்புவது என்பதே மோட்டார் வண்டியின் முதல் இருபதாண்டுக் காலத்தைத் தின்ற கேள்வி எனலாம். டைம்லர் தம் எஞ்சினில் பழுக்கக் காய்ச்சிய குழாயை வைத்தார். பென்ஸ் மின்கலத்தையும், நடுங்கும் நாக்குக் கொண்ட சுருளையும் நம்பினார். ஸ்டட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ் 1897இல் மேக்னெட்டோவை மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு அமைத்தார்; 1902இல் அவரிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனால்டு உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்குரிய பிளக்கையும் உருவாக்கினார். மேக்னெட்டோவுக்குப் பாட்டரி வேண்டியதில்லை. சக்கரம் சுழன்றால் போதும், மின்சாரம் தானே பிறக்கும். பாட்டரியைச் சார்ஜ் செய்ய வழியில்லாத காட்டுப்புறத்தில் இதைவிட உற்ற துணை வேறில்லை.

அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங் 1910ஆம் ஆண்டைய காடிலாக் வண்டிக்கு அமைத்துத் தந்த முறையே பின்னர் அறுபதாண்டுக் காலம் உலகை ஆண்டது. பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் காயில் என்னும் சுருளின் தடித்த கம்பி வழியே பாய்ந்து, 'பாயின்ட்' எனப்படும் தொடுமுனைகளைக் கடந்து தரையை அடையும். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டில் உள்ள மேடு தொடுமுனைகளை விலக்கும். மின்னோட்டம் அறுந்த அக்கணமே சுருளின் காந்தப் புலம் சரிந்து, பல்லாயிரம் சுற்றுக் கொண்ட மெல்லிய கம்பியில் பதினாயிரம் வோல்ட்டையும் தாண்டிய அழுத்தம் எழும். தொடுமுனைகள் கருகாமல் காப்பது கண்டென்சர். எழுந்த அழுத்தத்தை உருளைதோறும் பங்கிட்டுக் கொடுப்பது சுழலும் கை. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மையே இவ்வளவுக்கும் அடிப்படை.

இங்கேதான் ரப்பர் வந்து நுழைகிறது. பதினாயிரம் வோல்ட் மின்சாரத்துக்கு ஒழுங்கு தெரியாது. பிளக்குக்குப் போகும் வழியில் அருகே இரும்பைக் கண்டால் அங்கேயே பாய்ந்துவிடும். அதைக் கட்டி அழைத்துச் செல்ல உறை வேண்டும். மின்சாரத்தைக் கடத்தாதது, வளையக்கூடியது, நீர் புகாதது என்னும் மூன்று குணமும் ஒருங்கே அமைந்த பொருள் அக்காலத்தில் கந்தகம் சேர்த்துப் பக்குவம் செய்த ரப்பர்தான். பிளக்குக் கம்பியின் தடித்த உறை ரப்பர். மற்றக் கம்பிகளின் உறையும் ரப்பர். அதன்மேல் பருத்தி நூற் பின்னல். ரப்பருடன் கந்தகத்தை நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் சேர்த்துச் சுட்டால் அது கருங்கொம்புபோல் இறுகி எபொனைட் ஆகும். தொடக்கக் காலத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிகளும் காயில் பெட்டிகளும் இந்த எபொனைட்டால் ஆனவை. 1907இல் பேக்லண்டு கண்டறிந்த பேக்கலைட் பின்னரே அவ்விடத்தைப் பிடித்தது.

மலாயாக் காடு மின்சாரத்துக்கு உறை கொடுத்தது இதுவே முதன்முறை அன்று. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, தீபகற்பத்து மலாய் மக்கள் காட்டிலிருந்து வெட்டிவந்த கெட்டாபெர்ச்சாப் பால்தான் கடலடித் தந்திக் கம்பிகளைப் போர்த்தியது. அதன் பொருட்டு எண்ணற்ற மரங்கள் அடியோடு வீழ்த்தப்பட்டன. ரப்பர் மரமோ வீழ்த்தப்படாமலே பால் தருவது. விழவேண்டியிருந்தது மனிதர் உழைப்பு மட்டுமே.

அவ்வுழைப்புக்கு வந்தவர்கள் தமிழர்கள். மலாக்காவில் தமிழர் குடியிருப்பு போர்த்துக்கீசியர் வரவுக்கும் முற்பட்டது. சுல்தான்கள் காலத்து வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகள் காஜா பேராங் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். ஆயினும் தோட்டத் தமிழர் வரலாறு வேறு. முதலில் சஞ்சிக்கூலியாக ஒப்பந்தத்தில் பிணைத்துக் கொண்டுவரப்பட்டனர். அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. பின்னர்க் கங்காணி வழியாகத் தஞ்சை, திருச்சி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை இவ்வழி திறந்திருந்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, ஆசகான் வட்டாரங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாகக் காட்டுக்குள் நுழைந்து, வெயில் ஏறுமுன் மரந்தோறும் கோடு கிழித்து, மங்கில் வடிந்த பாலைச் சுமந்து ஸ்டோரில் அளந்து கொடுத்தவர்கள் இவர்கள். பால் அமிலத்தில் உறைந்து, தகடாகி, புகையில் வெந்து, பொதியாகிக் கப்பலேறியபின் அது என்னவாயிற்று என்பதை அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. பெரும்பகுதி டயராயிற்று. சிறிதளவே கம்பிக்குப் போயிற்று. ஆனால் அச்சிறிதளவு இல்லாமல் டயர் உருள வழியில்லை.

விலையின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1910இல் மோட்டார் வேட்கை உச்சத்தில் நின்றபோது இலண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1932இல் அதே ராத்தல் இரண்டு பென்ஸுக்கும் கீழே வீழ்ந்தது. எழுபதில் ஒரு பங்கு கூட இல்லை. விலை ஏறிய காலத்தில் பங்குதாரர்கள் கொழித்தனர். வீழ்ந்த காலத்தில் கூலி குறைக்கப்பட்டு, பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டனர். டெட்ராய்ட்டில் வண்டி விற்காமல் தேங்கியதால் மலாக்காவில் அடுப்பு அணைந்தது என்றால் அது மிகையன்று.

மலாக்கா மாநிலத்துக்கு மோட்டார் எஞ்சின் மற்ற மாநிலங்களைக் காட்டிலும் இன்றியமையாதது ஆனதற்குத் தனிக் காரணமொன்று உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் கிளை ரயில் பாதை போடப்பட்டிருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அத்தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாம்-பர்மா ரயில் பாதைக்காகக் கொண்டுபோகப்பட்டன. தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரவர் அழைத்துச் செல்லப்பட்டு மாண்டதும் அதே பாதையில்தான். மனிதரில் ஒரு பகுதியினராவது திரும்பினர், தண்டவாளம் திரும்பவில்லை. மலாக்கா நகருக்கு ரயில் மறுபடி வரவே இல்லை. போருக்குப் பின் தோட்டத்துக்கும் நகருக்கும் இடையே பாலும், அரிசியும், நோயாளியும், திருமணக் கோஷ்டியும் செல்ல லாரியும் பேருந்தும் மட்டுமே வழியாயின.

ஆட்சியாளர் பெட்ரோலைத் தம் படைக்கே வைத்துக்கொண்ட அந்த ஆண்டுகளில் வண்டிகள் கரிவாயுவில் ஓட்டப்பட்டன. தமிழ்நாட்டிலும் அதே காலத்தில் முதுகில் கரி உலையைச் சுமந்த பேருந்துகள் ஓடியதை முதியோர் அறிவர். கரிவாயு மெதுவாக எரிவது. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியை முன்கூட்டியே விழச்செய்தால்தான் எஞ்சின் இழுக்கும். ஏட்டில் படிக்காத பட்டறைத் தொழிலாளர் காதால் கேட்டே இத்திருப்பத்தைப் பழகிக்கொண்டனர். பற்றாக்குறை நடத்திய பள்ளிக்கூடம் அது. மலேசியாவில் வண்டி பழுது பார்ப்பவரை மலாய் மொழியில் 'பொமென்' என்பர். மேற்பார்வையாளரைக் குறிக்கும் 'போர்மன்' என்ற ஆங்கிலச் சொல் பட்டறை வாயில் விழுந்து திரிந்த வடிவம் அது. எண்ணெய்க் கையனுக்கு மேலாளன் பட்டம் கிடைத்த நகைச்சுவையை மொழிதான் நிகழ்த்தியது.

1950களில் மலாயாச் சாலைகளில் மாரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் நிறைந்தன. 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மாரிஸ் மைனரை மலேசியாவில் பழைய வண்டி விரும்பிகள் இன்றும் பேணி வருகின்றனர். இவ்வண்டிகளின் மின்சாதனங்கள் பெரும்பாலும் லூக்காஸ் கம்பெனியுடையவை. தமிழ்நாட்டிலும் அந்தப் பெயருக்கு வேர் உண்டு. டி.வி.எஸ். நிறுவனத்தாரும் லூக்காஸும் இணைந்து 1961இல் தொடங்கிய தொழிற்சாலை சென்னைப் பாடியில் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்தது.

அவ்வண்டிகளுக்கு ஒரு விபரீத வழக்கம் இருந்தது. 1930களின் நடுப்பகுதி முதல் பிரிட்டிஷார் பாட்டரியின் நேர்முனையை வண்டியின் உடலோடு இணைத்துவந்தனர். 1960களின் பின்பகுதியில்தான் எதிர்முனைக்கு மாறினர். பழைய வண்டிக்குப் புதிய மாடியூல் பொருத்துவோர் முதலில் அறியவேண்டியது இதுவே. தொடுமுனைக்கு நேர் எதிர் என்ற வேற்றுமை இல்லை. எவ்வழி பாய்ந்தாலும் அது வேலை செய்யும். மாடியூலின் உள்ளே இருப்பதோ டிரான்சிஸ்டர். எதிர்முனைத் தரைக்கென்று செய்த மாடியூலை நேர்முனைத் தரை வண்டியில் இணைத்தால் கணப்பொழுதில் எரிந்துபோகும். ஆகவே ஒன்று அவ்வண்டிக்கேற்ற மாடியூலைத் தேடவேண்டும். அன்றேல் வண்டியையே மாற்றவேண்டும். மாற்றுவதென்றால் பாட்டரியைத் திருப்பி வைத்தால் மட்டும் போதாது. டைனமோவின் புலச் சுருளுக்குப் புதிய திசையில் ஒரு கணம் மின்சாரம் காட்டி அதன் காந்தத்தைத் திருப்பவேண்டும். காயிலின் இரு முனைக் கம்பிகளையும் இடம் மாற்றவேண்டும். இல்லாவிடில் பிளக்கில் பொறி தலைகீழாகப் பாய்ந்து வலிமை குன்றும்.

டிரான்சிஸ்டர் 1947இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1960களில் அது தீப்பொறிச் சாதனத்துக்குள் மெல்லப் புகுந்தது. கிரைஸ்லர் கம்பெனி 1973ஆம் ஆண்டைய வண்டிகளில் தொடுமுனையை அறவே கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975இல் அவ்வழியே சென்றது. தண்டில் உள்ள காந்தப் பல் சுருளருகே கடக்கும்போது எழும் சிறு துடிப்பை மாடியூல் உணர்ந்து மின்சாரத்தை அறுக்கிறது. தேயும் உறுப்பு இல்லை. ஆதலால் இடைவெளி சரிபார்க்கும் வேலையும் இல்லை, கண்டென்சரும் வேண்டியதில்லை.

பழைய லூக்காஸ் வண்டியில் இதனைப் பொருத்துவது கம்பி நிறத்தைப் படிக்கத் தெரிந்தவர்க்கு எளிது. சாவி வழியே காயிலுக்கு வருவது வெள்ளைக் கம்பி. காயிலிலிருந்து தொடுமுனைக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடிட்ட கம்பி. கறுப்பு என்றால் தரை. தொடுமுனைத் தட்டை அகற்றி அங்கே மாடியூலை அமர்த்தி, அதன் இரு கம்பிகளைக் காயிலின் இரு முனைகளில் சேர்ப்பதோடு பெரும்பாலும் வேலை முடியும். எனினும் இருவகைத் தவறுகள் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. சுமார் 3 ஓம் தடை கொண்ட காயிலுக்கென்று செய்த மாடியூலை 1.5 ஓம் காயிலுடன் சேர்த்தால் மிகுந்த மின்சாரம் பாய்ந்து அது வெந்துபோகும். உலோகத் தளத்தில் அமரும் மாடியூலுக்கு அடியில் வெப்பம் கடத்தும் பசை தடவ மறந்தால், மலாக்கா வெயிலில் நெரிசலில் நிற்கும் வண்டியில் அது நெடுநாள் உயிர் வாழாது.

புதுமை யாவும் நன்மையே என்று சொல்லிவிட முடியவில்லை. தொடுமுனை சாகுமுன் நோய்வாய்ப்படும். எஞ்சின் திக்கும், இருமும், ஏற்றத்தில் தளரும், ஓட்டுபவர் அறிந்துகொள்வார். தோட்டத்துச் செம்மண் சாலையில் நின்றுபோனாலும் அரம் கொண்டு கரியைத் தேய்த்து, ஓர் அட்டைத் துண்டால் இடைவெளியை மதிப்பிட்டு, வீடு வந்து சேரலாம். ஈரக்காற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பனித்தால் துணியால் துடைத்தால் போதும். மாடியூல் அப்படியன்று. நெடுங்காலம் ஒரு குறையும் காட்டாமல் உழைத்து, ஒருநாள் சொல்லாமல் செத்துவிடும். மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் என்ன நேர்ந்தது என்று எந்தப் பட்டறைக் கைக்கும் தெரியாது, மாற்றுவதொன்றே மருந்து. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது வேலையும் லயத்து வீடும் இழந்த குடும்பங்கள் நகரை நாடின. அங்கே படிப்புக் குறைந்த இளைஞனை ஏற்றுக்கொண்ட தொழில்களுள் மோட்டார்ப் பட்டறையும் ஒன்று. காதாலும் விரலாலும் அறியும் அறிவே அவன் மூலதனம். பெட்டி மூடப்பட்டபோது அம்மூலதனத்தின் ஒரு பகுதியும் மதிப்பிழந்தது.

ரப்பருக்கும் அதே கதிதான். மின்பொறி விழுமிடத்தில் ஓஸோன் என்னும் வாயு உண்டாகிறது. இயற்கை ரப்பருக்கு அது நஞ்சு. இழுபட்டு வளைந்த இடத்தில் வெடிப்பு விடும். எண்ணெய் பட்டால் ஊதும், வெப்பத்தில் வறளும். 1931இல் அமெரிக்காவில் வெளியான நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் இக்குறைகளைத் தாங்கிப் பிளக்குக் கம்பியின் மேலுறை ஆயிற்று. போருக்குப் பின் மற்றக் கம்பிகளைப் பி.வி.சி. பற்றிக்கொண்டது. பின்னர் சிலிக்கோன் வந்தது. பால்மரம் தன் முதல் பெருமைகளுள் ஒன்றை இழந்தது இங்கேதான். டயரில் மட்டும், அதிலும் லாரிக்கும் விமானத்துக்கும் உரிய டயரில், அதனை இன்னும் அசைக்க முடியவில்லை. மலாக்காத் தோட்டங்கள் பலவற்றிலோ ரப்பர் வெட்டப்பட்டு எண்ணெய்ப்பனை நிற்கிறது.

1950களின் வண்டியொன்றுக்கு மறுபடி கம்பி இழுப்பவர் பழைய கம்பியைத் தூர எறிவதற்கு முன் ஒரு சாணைக் கத்தியால் கீறிப் பார்க்கலாம். மேலே இற்றுப்போன பருத்திப் பின்னல். அதனடியில் விரல் பட்டதும் பொடியாய் உதிரும் கறுத்த ரப்பர். உள்ளே செம்பு சிவப்பாக இராது, வெள்ளையாக மின்னும். ரப்பரில் கலந்த கந்தகம் செம்பை அரித்துக் கறுக்கச் செய்யுமாதலால், இரண்டுக்கும் நடுவே செம்பின்மேல் வெள்ளீயம் பூசினர். கிந்தா ஆற்றுப் படுகையில் ஈயக்கல் அரித்த சீனத் தொழிலாளியும், ஜாசின் காட்டில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் கண்டிருக்கமாட்டார்கள். அவர்கள் தோண்டியதும் வடித்ததும் இங்கிலாந்துக்குப் போய், ஒரே கம்பியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பிரிட்டிஷ் வண்டியொன்றின் முன்மூடிக்குள் மலாயாவுக்கே திரும்பி வந்திருந்தன.